மங்கையக்காவின் மீசை

தம்பியை ஏற்றிவந்த வான் எங்கள் படலையடியில் நின்றபோது நான் முதலில் பார்த்தது அவனுடைய மேலுதட்டைத்தான். மழுங்க வழித்துப் பளபளவென்று இருந்தது. முப்பது வருடமாக நேரில் காணாத தம்பி. கட்டிப்பிடித்துக் குளறி அழுதிருக்க வேண்டியவள் நான். எனக்கு வந்ததோ கோபம்தான்.

"உப்பிடியே உள்ளை போகாதை," என்று படலையைக் குறுக்கே மறித்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, பிளேனாலை இறங்கி நேர வாறன். ஒருக்கா அப்பாவின்ரை முகத்தைப் பாத்திட்டு..."

"போனிலை எத்தினை தரம் சொன்னனான், மீசையை வளத்துக்கொண்டு வா எண்டு? உனக்குக் காது எங்கை கிடந்தது?"

"போன கிழமை வரைக்கும் சூட்டிங் அக்கா. மீசையோடை சீலை உடுக்கேலாதெல்லே," என்று வாகீசன் சிரித்தான்.

அந்தச் சிரிப்பைக் கண்டதும் வான் ஓட்டிவந்த மனிதரும் சேர்ந்து சிரித்தார். "என்னக்கா, முதலே சொல்லியிருக்கலாமே! மங்கையக்காவையெல்லே நான் ஏத்திக்கொண்டு வந்திருக்கிறன்," என்று போனை எடுத்து அவனோடு சேர்ந்து நின்று படம் பிடிக்கத் தொடங்கினார். உள்ளே எங்கள் அப்பா சாகக் கிடக்கிறார், படலையில் இவர்களுக்குப் படம். பத்திக்கொண்டு வந்தது எனக்கு.

மங்கையக்காவைத் தெரியாதவர்கள் யாராவது இருந்தால் சொல்லிவிடுகிறேன். கனடாவில் ஒரு தமிழ்த் தொலைக்காட்சியில் இருபது வருடமாக ஓடுகிற பகிடித் தொடரில் வருகிறவள். ரொறன்ரோவில் மகன் வீட்டில் இருந்துகொண்டு பனியையும் மருமகளையும் பேசித் தீர்க்கிற ஊர் மனுசி. பனிச் சப்பாத்தோடு சாமியறைக்குள் போய்விட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். பஸ்ஸில் ஏறினால் வெள்ளைக்கார டிரைவரைப் பார்த்து, நீ ஆரின்ரை மோன் என்று தமிழில் விசாரிப்பாள். இப்போது யூரியூப் வந்த பிறகு எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அவள் பைத்தியம். அந்த மங்கையக்கா என்னுடைய தம்பி. கொண்டை, மூக்குத்தி, மார்பு எல்லாம் ஒட்டு வேலை, வழித்த மேலுதடு மட்டும் சொந்தம்.

அப்பாவின் பெயர் கதிரவேலு. தெல்லிப்பழையில் வெறும் கதிரவேலு என்று கேட்டால் இரண்டு மூன்று வீட்டைக் காட்டுவார்கள். மீசைக் கதிரவேலு என்றால் நேரே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவார்கள். புகையிலைத் தோட்டத்தில் வெயிலில் நின்று தண்ணீர் கட்டும்போதும் அந்த மீசை கலையாது. நாங்கள் இடம்பெயர்ந்து கொக்குவிலில் வாடகை வீட்டில் கிடந்த காலத்தில் அவர் சாப்பாடு இல்லாமல் இருந்திருக்கிறார், மீசைக்கு எண்ணெய் இல்லாமல் இருந்ததில்லை. தகப்பன் உயிரோடு இருக்கும்போது மகன் சும்மா மீசை வழிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தாயோ தகப்பனோ செத்தால் கொள்ளி வைக்கிறவன் வழிப்பான், பிறகு வளர்ப்பான், அவ்வளவுதான். அப்படியில்லாமல் வழித்துக்கொண்டு திரிகிறவன் தகப்பனுடைய சாவை நேர்ந்துகொண்டவன் என்று கதைப்பார்கள். இந்தக் காலத்தில் ஒருவரும் அதைப் பார்ப்பதில்லை. அப்பா பார்த்தார்.

அவர் மங்கையக்காவை முதன்முதலாகக் கண்டது மல்லாகத்தில் ஒரு கலியாண வீட்டில். பந்தி முடிந்து சனம் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது யாரோ பெரிய ரீவியில் அவளைப் போட்டுவிட்டார்கள். மங்கையக்கா சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் கொட்டிய பனியை விளக்குமாற்றால் கூட்டுகிறாள். கலியாண வீடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "கதிரவேலண்ணை, உது உங்கடை பெடியனெல்லே!" என்று யாரோ கத்தினார்கள். அப்பா கொஞ்ச நேரம் ரீவியையே பார்த்தார். பிறகு எழும்பி வெளியே நடந்தார். நான் பின்னாலே ஓடினேன். "நான் இருக்கேக்கையே மீசையை வழிச்சுப்போட்டுத் திரியிறான், நாய்," என்றார்.

அன்றைக்குப் பிறகு தம்பி எடுக்கிற போனை அவர் கையால் தொடவில்லை. என்னுடைய மனுசன் செல்வரட்ணத்தைக் கூப்பிட்டு, "எனக்குக் கொள்ளி நீ வை. அவன் வந்தாலும் விடாதை," என்று சொல்லிவைத்துவிட்டார். இந்த மனுசன், "ஓம் மாமா," என்றார். அவருக்கு வேறு சொல் தெரியாது.

ஒரே மகன் இருக்க மருமகன் கொள்ளி வைப்பதா? தம்பியின் நெஞ்சில் கிடந்த முள் அதுதான். எங்கள் அம்மா இரத்தினம்மா செத்தபோது அவனுடைய அகதி வழக்கு முடியவில்லை, வர முடியவில்லை. அப்போதும் செல்வரட்ணம்தான் வைத்தார். "அப்பாவுக்கெண்டாலும் நான் வைக்கோணும் அக்கா," என்று போனில் அழாத வருடம் இல்லை. இப்போது ஆசுப்பத்திரியில், இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லி அப்பாவை அனுப்பிவிட்டார்கள். அப்பாவின் மூச்சு முந்துமா, இவனுடைய மீசை முந்துமா? எங்கள் நிலைமை இதுதான். வெளியே சொன்னால் அதற்கும் சிரிப்பார்கள்.

அவனைப் படலையிலிருந்து அப்படியே கொக்குவிலுக்கு, என் மகள் வினோஜா வீட்டுக்கு அனுப்பினேன். சுற்றிவர மதில் கட்டிய வீடு, ஒருவர் கண்ணிலும் படாமல் இருந்து வளர்க்கட்டும் என்று நினைத்தது என்னுடைய மொக்குத்தனம். அடுத்த நாளே மதிலுக்கு மேலால் தலைகள் முளைத்தன. சந்திக் கடைக்காரர், ரியூசன் வாத்தியார், வாத்தியாரின் மனுசி. "ஒருக்கா மங்கையக்கா மாதிரிக் கதையுங்கோவன்!" இவனுக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. ஒரு கையை இடுப்பில் ஊன்றி, "ஏன் மோனை மதிலிலை தொங்கிறாய், கேற் என்ன கடிக்குதே?" என்பான். அவர்கள் சிரித்துக் களைத்துப் போனதும் விறாந்தைக் கதிரையில் இருந்துவிடுவான். வினோஜா வைத்த தேத்தண்ணி ஆறி ஆடை கட்டும். அப்படியே பார்த்துக்கொண்டிருப்பான்.

மீசையும் லேசில் வரவில்லை. இருபது வருடமாக நாள்தோறும் வழித்த இடம். மழை பொய்த்த வெங்காயப் பாத்தி மாதிரி இங்கொன்றும் அங்கொன்றுமாக வந்தது, அதுவும் நரைத்து வந்தது. ஐம்பத்திரண்டு வயதில் கண்ணாடிக்கு முன்னால் நின்று உதட்டைத் தடவித் தடவிப் பார்த்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

நான் அங்கே நின்ற ஒரு நாள் கனடாவிலிருந்து லெனாட் எடுத்தான். அந்தத் தொடரை எடுக்கிறவன். அவன் கதைத்தது பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

"மச்சான், எப்ப வாறாய்? அடுத்த பகுதி எடுக்கோணுமெல்லே."

"அப்பாவின்ரை அலுவல் முடியாமல் வரேலாது. இப்ப மீசையும் வளக்கிறன்," என்றான் வாகீசன்.

"விசரே உனக்கு? மீசையோடை மங்கையக்காவே? சனம் காறித் துப்பும்."

"நான் வழிக்கமாட்டன் லெனாட்."

"அப்ப வேறை ஆளைப் போடுறன். பிறகு என்னிலை குறை சொல்லக்கூடாது."

"போடு."

போனை வைத்துவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிக்க முடியவில்லை. கிழமை நாளெல்லாம் களஞ்சியத்தில் பொதி ஏற்றுகிற வேலை, சனி ஞாயிறில் இந்த நடிப்பு. அந்த நாட்டில் அவனை ஒரு ஆளாக நாலு பேர் மறித்துக் கதைத்தார்கள் என்றால் அந்தச் சீலையால்தான். கட்டினவளும், மங்கையக்காவோடு என்னெண்டு குடும்பம் நடத்துவது என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அதையும் பகிடியாகத்தான் எனக்குச் சொன்னான்.

"டேய், உன்ரை பெட்டிக்குள்ளை ஒட்டுமீசை ஒண்டும் இல்லையே?" என்று கேட்டேன். "ஒட்டிக்கொண்டு போய்க் காட்டன். அவருக்கு இப்ப கண்ணும் வடிவாத் தெரியாது."

"கிடக்கு அக்கா. நல்ல மீசை. ஆனா அப்பாவுக்கு முன்னாலை நான் நடிக்கமாட்டன்."

அந்தக் குரலில் பகிடி இல்லை.

அப்பாவுக்குச் சேதி எட்டாமல் இருக்குமா? எங்கள் ஊரில் எந்த வாய் சும்மா கிடந்தது? ஒரு நாள் காலையில் அவருடைய மீசையை நான் சீவிவிட்டுக்கொண்டிருந்தபோது, கண்ணை மூடிக்கொண்டே, "வந்திட்டானாமே?" என்று கேட்டார்.

"ஓம் அப்பா. கொக்குவிலிலை நிண்டு மீசை வளக்கிறான். கூட்டிக்கொண்டு வரட்டே?"

நித்திரையாகிவிட்டார் என்று நினைத்தேன்.

"வளக்கட்டும்," என்றார். "எனக்கெண்டு வழிக்க அவனிட்டை நாலு மயிராவது இருக்கட்டும்."

கொள்ளி வைக்கலாம் என்பதற்கு அது சம்மதமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பக் கேட்கப் பயமாக இருந்தது. கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால்?

இரண்டு நாள் கழித்து, அம்மாவின் சாம்பலைக் கரைத்த இடத்தைக் காட்டச் சொன்னான் தம்பி. ஓட்டோவில் கீரிமலைக்குப் போனோம். கேணிக்குள் ஆம்பிளையள் பாய்ந்து பாய்ந்து குளித்துக்கொண்டிருந்தார்கள். கடற்கரைப் பக்கம் மடத்துக்குள் யாரோ ஒருவன் புதிதாக வழித்த முகத்தோடு, செத்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியைக்கு இருந்தான். தம்பி அவனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அம்மாவுக்கு நானும் வழிச்சனான் அக்கா."

"என்ன சொல்லுறாய்?"

"நீ போன் எடுத்துச் சொன்ன அண்டு. வரேலாது. கொள்ளி அத்தான் வைக்கப்போறார். அப்ப நான் மோனெண்டு செய்ய வேறை என்ன இருக்கு? ரெஸ்ரோரண்டிலை கோப்பை கழுவிக்கொண்டு நிண்டனான். பின்னாலை கக்கூசுக்குள்ளை போய் நிண்டு வழிச்சன். ஐயர் இல்லை, தேவாரம் இல்லை. வழிச்சுப்போட்டு வந்து மிச்சக் கோப்பையைக் கழுவினன்."

அந்த நாளில் அவன் ஓய்வு நேரத்தில் லெனாட்டின் தொடருக்கு வயர் இழுக்கவும் லைட் பிடிக்கவும் போய்வந்தானாம். அம்மா செத்து ஒரு கிழமையில், மாமியாராக நடிக்கிற பெண் பனியால் வரவில்லை. லெனாட் சுற்றிவரப் பார்த்திருக்கிறான். அங்கே நின்ற ஆம்பிளையளில் மீசை இல்லாதவன் இவன் ஒருவன்தான். மச்சான், நீ சீலையைச் சுத்து என்றானாம்.

"மாட்டனெண்டு சொல்லியிருக்கலாம்," என்றான் தம்பி. "சொல்லேல்லை. சீலையைச் சுத்திக்கொண்டு நிண்டா, பொம்பிளை எப்பிடிக் கதைப்பாள் எண்டு எனக்கு ஒண்டும் வரேல்லை. எனக்கு வடிவாத் தெரிஞ்சது அம்மாவை மட்டும்தான். அம்மா மாதிரிக் கதைச்சன். அம்மா மாதிரித் தலைப்பைச் செருகினன். எல்லாரும் சிரிச்சாங்கள். எனக்கு அம்மா பக்கத்திலை வந்து நிண்ட மாதிரி இருந்தது. பிறகு விடேலாமல் போச்சு."

நான் அப்படியே கடற்கரைக் கட்டின் மேல் இருந்துவிட்டேன். எத்தனை வருடமாகப் பார்க்கிறேன் அந்தக் கூத்தை! சிரித்து முடித்ததும் தலைப்பால் வாயைத் துடைப்பது, கண்டவனையெல்லாம் மோனை என்பது, கோபம் வந்தால் முகட்டைப் பார்த்து, கடவுளே என்னை ஏன் வச்சிருக்கிறாய் என்பது, எல்லாம் எங்கள் அம்மா. பெற்ற மகள் நான், எனக்கு விளங்கவில்லை. கொண்டையையும் மூக்குத்தியையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அப்பாவுக்கு முதல் தரமே விளங்கிவிட்டது. அவர் மல்லாகத்தில் எழும்பிப் போனது மீசைக்காக இல்லை. செத்துப்போன தன்னுடைய மனுசியைப் பார்த்துக் கலியாண வீடு முழுக்கச் சிரித்ததை அவரால் தாங்க முடியவில்லை. அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் மீசையைப் பிடித்துக்கொண்டார்.

"குறுக்காலை போவானே, இதை ஏன்டா இவ்வளவு காலமும் சொல்லேல்லை?" என்று அவன் முதுகில் இரண்டு போட்டேன். குளிக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவர் போனுக்கு வந்தாத்தானே சொல்லுறது," என்றான். அவனுடைய கண் நிறைந்துவிட்டது.

"இப்பவே வந்து சொல்லு. மீசை வந்த மட்டும் போதும். வெளிக்கிடு!"

வீட்டுக்கு வந்து சேர மத்தியானம் திரும்பிவிட்டது. செல்வரட்ணம் வாசலுக்கு ஓடிவந்தார். "மாமா காலமை தொடக்கம் ஒரு மாதிரி. ஆக்களை மட்டுக்கட்டுறார் இல்லை, என்னையே ஆரெண்டு கேக்கிறார். தண்ணியும் வாங்கிறார் இல்லை," என்றார்.

தம்பி அறை வாசலில் வந்து நின்றான். முப்பது வருடத்துக்கு முதல் விட்டுப்போன ஆள் இல்லையே அங்கே கிடந்தது. கட்டிலில் ஒரு மீசையும் கொஞ்ச எலும்பும்தான் இருந்தன.

"இரத்தினம்," என்று அப்பா முனகினார். "இரத்தினம், தண்ணி."

நான் கரண்டியில் தண்ணீர் எடுத்து வாயருகே பிடித்தேன். முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார்.

"நீ இல்லை. அவளை வரச்சொல்லு."

"அப்பா, நான் பராசக்தி. கொஞ்சம் குடியுங்கோவன்."

"அவளை வரச்சொல்லு எண்டெல்லே சொல்லுறன்!"

உதடு வெடித்துக் காய்ந்து கிடந்தது. நான் தம்பியைப் பார்த்தேன். சத்தியமாக நான் ஒன்றும் கேட்கவில்லை, பார்க்க மட்டும்தான் செய்தேன். அவன் மெல்ல வந்து கட்டில் விளிம்பில் குந்தி, என் கையிலிருந்த கரண்டியை வாங்கினான்.

"என்னப்பா, இஞ்சைதானே நிக்கிறன். கத்தாதையுங்கோ, அயலட்டைக்குக் கேக்கப்போகுது."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அது மங்கையக்கா இல்லை. சனத்தைச் சிரிக்க வைக்கிற இழுப்பு ஒன்றும் அதில் இல்லை. அடுப்படியிலிருந்து பதில் சொல்கிற எங்கள் அம்மாவின் தாழ்ந்த குரல். அப்பா வாயைத் திறந்தார். ஒரு கரண்டி குடித்தார், இன்னொரு கரண்டி குடித்தார்.

"எங்கை போனனீ?"

"கிணத்தடிக்கு."

"உன்ரை மோன் வந்திட்டானே?"

தம்பி இன்னொரு கரண்டி தண்ணீர் எடுத்தான். "வந்திட்டான்," என்றான், அதே குரலில். "படலையடியிலை நிக்கிறான். உள்ளை விடட்டே?"

"மீசை இருக்கே?"

"இருக்கு. கொஞ்சம்தான். நரைச்சும் போச்சு."

"அவனுக்கும் நரைச்சுப்போச்சே," என்றார் அப்பா. அதை நினைத்துக் கவலைப்பட்ட மாதிரி இருந்தது. பிறகு, "நான் இருக்க வழிச்சவனெல்லே," என்றார்.

"உங்களுக்கில்லை, எனக்காக வழிச்சவன். பிள்ளை தனிய நிண்டு வழிச்சவன்."

"அப்ப பிறகு வளத்திருக்கலாமே."

தம்பி என்னைப் பார்த்தான். கன்னத்தில் தண்ணீர் ஓடியது, குரல் மட்டும் உடையவில்லை. இருபது வருடப் பழக்கம்.

"வளத்தா நான் போயிடுவன் எண்டு பயந்திட்டான்."

அப்பாவுக்கு மூச்சு மட்டும் இழுத்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"விசரன்," என்றார் கடைசியில். "வரச்சொல்லு. வந்து பக்கத்திலை இருக்கட்டும்."

தம்பி கரண்டியைக் கீழே வைத்தான். தொண்டையைச் செருமினான். "அப்பா," என்று தன்னுடைய குரலில் கூப்பிட்டான். "அப்பா, நான் வாகீசன். வந்திருக்கிறன்."

அப்பா கண்ணை மூடிவிட்டார். இன்னொரு தரம் கூப்பிட்டான். கையைப் பிடித்துக் கூப்பிட்டான். நானும் தோளைத் தட்டிப் பார்த்தேன். மூச்சைத் தவிர ஒன்றும் இல்லை. அன்று முழுக்க அவன் அந்த விளிம்பிலேயே இருந்து, அப்பா, அப்பா என்று சொல்லிக்கொண்டிருந்தான். அடுத்த நாள் காலை, நான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்த நேரம், அப்பா போய்விட்டார்.

செத்தவீட்டுச் சனம் கூடியதும் செல்வரட்ணம் என்னைத் தனியே கூப்பிட்டார். "மாமா எனக்கெல்லே சொல்லி வச்சவர்," என்று இழுத்தார். கலியாணம் கட்டின நாளிலிருந்து அந்த மனுசன் மறுத்துக் கதைத்தது அன்றைக்குத்தான்.

"அவனை வரச்சொல்லி அப்பா சொன்னவர். நான் பக்கத்திலை நிண்டு கேட்டனான். கொள்ளியைத் தம்பியிட்டைக் குடுங்கோ."

"ஓம்," என்றார்.

சலூன் வைத்திருக்கிற பிரவீணன் கிணற்றடியில் கதிரை போட்டுத் தம்பியை இருத்தினான். முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அண்ணை, உதிலை வழிக்கப் பெரிசா ஒண்டும் இல்லையே," என்றான்.

"இருக்கிறதை வழி தம்பி."

இரண்டு இழுவையில் முடிந்துவிட்டது. கத்தியில் ஒட்டிய நரை மயிரைப் பிரவீணன் தண்ணீரில் கழுவி ஊற்றினான், அது வாழையடிக்கு ஓடியது. தம்பி மேலுதட்டைத் தொட்டுப் பார்த்தான். "இனி ஒருத்தருக்கும் வளக்கத் தேவையில்லை அக்கா," என்றான்.

வெள்ளை வேட்டியோடு, ஈர முகத்தோடு பந்தலுக்குள் அவன் வந்தபோது பொம்பிளையளுக்குள் யாரோ களுக்கென்று சிரித்தது கேட்டது. பக்கத்து வீட்டுப் பிரதீபாவின் கையில் போன் உயர்ந்திருந்தது. "எடடி போனை! உங்கடை வீட்டுச் சாவுக்கு வந்து நாங்கள் பல்லைக் காட்டினனாங்களே?" என்று கத்தினேன். ஐயர் தேவாரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பறை முன்னே போக, கொள்ளிச் சட்டியோடு அவன் பின்னே போனான். பொம்பிளையள் சுடலைக்குப் போவதில்லை, படலையோடு எங்களுக்கு எல்லை. ஒழுங்கை திரும்புகிற இடத்தில் தோளில் கிடந்த துண்டால் வாயைத் துடைத்தான், அம்மா துடைக்கிற மாதிரியே. அதைக் கண்டுதான் நான் குளறி அழுதேன்.

முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்குச் சனம் வந்திருந்தது. வினோஜாவின் போனில் புதுப் பகுதி வந்திருந்தது. அதே சீலை, அதே கொண்டை, உள்ளே வேறு ஆள். வசனம் எல்லாம் சரியாகத்தான் சொன்னான். சிரித்த பிறகு வாயைத் துடைக்கவில்லை, அவனுக்கு அது தெரியாது. தம்பி கடைசி வரைக்கும் பார்த்தான். "நல்லாச் செய்யிறான்," என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தான்.

பந்தியில் இருந்த கொக்குவில் வாத்தியாரின் மனுசி, சோற்றைப் பிசைந்த கையோடு, "அது சரிவராது. நீங்கள் ஒருக்கா மங்கையக்கா மாதிரிக் கதையுங்கோவன்," என்றா.

தம்பி அவவின் இலைக்கு வடை வைத்துக்கொண்டிருந்தான்.

"அவ செத்துப்போட்டா," என்றான்.

பந்தி முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது.